பத்து, பதினொன்று, அப்புறம் பேஜ்மேக்கர்

கொழிஞ்சாம்பாறையில் எனக்குச் சின்னதாக ஒரு டிடிபி கடை. ஜில்லா பாலக்காடுதான், ஆனால் என்னிடம் வரும் கல்யாணப் பத்திரிகைகள் பெரும்பாலும் தமிழில்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிகிறது என்று திரையில் வந்துகொண்டே இருந்தது, நானும் மூடிக்கொண்டே இருந்தேன். செப்டம்பரில்தான் 11 ஏறுமா என்று சோதித்தேன். ஏறாது. ராம் 8 ஜிபி இருக்கிறது, இடிப்பது பிராசசர். என்னுடையது ஆறாம் தலைமுறை ஐ5. இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேறு கேட்கும். குறுக்கு வழியில் ஏற்றலாமாம். பிழைப்பு நடக்கிற மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மகள் தமிழ் மீடியத்தில் ஏழாம் வகுப்பு. கேரளத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கைட் என்ற அரசு அமைப்பு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் ஒன்றை, உபுண்டு என்ற வகையை வைத்துச் செய்து தருகிறது. "எங்க ஸ்கூல்ல இருக்கறதையே போடுங்கப்பா" என்றாள். சரி, பென்டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் லைவாக ஓட்டிப் பார்த்தேன். தமிழ்99, மலையாள இன்ஸ்கிரிப்ட் என்ற இரண்டு கீபோர்டு முறைகளும் வேலை செய்தன. பிரிண்டர் தானாகவே வந்தது. ஸ்கேனருக்கு ஒரு சாயங்காலம் போனது.

மாட்டியது, நான் பத்திரிகை வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில். பதினைந்து வருஷத்துப் பத்திரிகைகள், எல்லாம் பழைய எழுத்துருக்களில். அவை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறை கிடையாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் மாப்பிள்ளை பெயர் ஏதோ பாஸ்வேர்டு மாதிரி தெரியும். லினக்ஸில் ஓடும் இலவச மென்பொருளான லிபர் ஆபீஸ் டிரா பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. எழுத்துருவை நிறுவிவிட்டுத் திறந்தேன். படிக்க முடிந்தது, ஆனால் திருநிறைச்செல்வி பூ பார்டர் மேல் ஏறி நின்றாள். முகூர்த்த மாதத்தில் இதையெல்லாம் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அதனால் கடை மெஷின் பத்திலேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை பேக்கப் எடுக்கச் சம்மதித்தேன். அப்படிச் செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் காசில்லாமல் வரும். புது வசதி எதுவும் வராது. எனக்கு அது நிம்மதிதான்.

வீட்டில் சும்மா கிடந்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். மனு டைப்பிங், பிரிண்ட் எல்லாம் அதில். புதுப் பத்திரிகைகளை யூனிகோடில்தான் அடிக்கிறேன். பழையதை வாரத்துக்கு நாலைந்தாக மாற்றி வருகிறேன், இப்போது 2014-இல் நிற்கிறது.