துடுங் சாஜிக்குள் இரண்டு பாதங்கள்

2024 நவம்பர் 18, திங்கள்

இரவு 2.10. மறுபடியும் எழுந்துவிட்டேன். உள்ளங்கால் இரண்டும் காந்துகிறது. எரிகிறது என்று எழுதினால் போதவில்லை. மிளகாய் அரைத்த கை கழுவக் கழுவப் போகாமல் காந்துமே, அது கணுக்காலுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்த மாதிரி. ஆனால் தொட்டுப் பார்த்தால் பாதம் சில்லென்று இருக்கிறது. சிவப்பும் இல்லை, வீக்கமும் இல்லை.

ஆகஸ்டு வாக்கில் ஆரம்பித்தது. தீபாவளி ரவிக்கைகள் மலையாய்க் குவிந்திருந்த நேரம் என்பதால் அலுப்பு என்று விட்டுவிட்டேன். தீபாவளி போய் மூன்று வாரம் ஆகப்போகிறது. அலுப்பு போய்விட்டது, காந்தல் போகவில்லை. பேசினில் ஐஸ் கட்டி போட்டுக் கால் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். வைத்திருக்கும்வரை சுகம். எடுத்த பத்தாவது நிமிடம் பழைய கதை.

நவம்பர் 21, வியாழன்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் தையல் கடை வைத்திருப்பதில் ஒரு வசதி, வைத்தியம் தேடிப் போகவே வேண்டாம், அதுவே வாசலுக்கு வந்துவிடும். பூக்கடை அக்கா, "உடம்புச் சூடு. ராத்திரி விளக்கெண்ணெய் தடவு" என்றார். பைப்பிங் வைக்கக் கொடுத்த அம்மா மருதாணி அரைத்துப் பூசச் சொன்னார். வெந்தயம் ஊறவைத்துக் குடி என்றார் இன்னொருவர். எல்லாம் செய்தேன். மருதாணி வைத்த பாதம் கல்யாணப் பெண்ணின் கால்போலச் சிவந்தது, இரவு இரண்டு மணிக்கு அந்தக் கல்யாணக் கால் காந்தியது.

முன்பே ஒரு தனியார் கிளினிக்குக்கும் போயிருந்தேன். "நின்னுக்கிட்டே வேலை செய்றீங்களா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் வலி மாத்திரையும் ஒரு கிரீமும் எழுதியாகிவிட்டது. நான் முப்பது வருடமாக உட்கார்ந்து தைக்கிறவள். அப்புறம் மருந்துக் கடையில் நரம்புக்கு என்று ஒரு வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். நாள் ஒன்றுக்கு மூன்று போடுகிறேன், மூன்று மாதமாக. நரம்புக்கு எவ்வளவு போட்டாலும் நல்லதுதானே என்று நினைப்பு.

நவம்பர் 26, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

மெஷினில் உட்கார்ந்தால் நான் சிலிப்பரைக் கழற்றிவிடுவேன். வெறுங்காலால் பெடலை மிதித்தால்தான் வேகம் கைக்குள் நிற்கும். கழுத்து வளைவில் மெதுவாக, நேர்த்தையலில் சர்ரென்று, எல்லாம் முன்னங்கால் பார்த்துக்கொள்ளும். கொஞ்ச நாளாக அந்தக் கணக்கு தப்புகிறது. லேசாகத்தான் மிதித்தேன் என்று நினைக்கிறேன், மெஷின் பாய்ந்துவிடுகிறது. ஒரு பட்டு ரவிக்கையின் கழுத்தையே பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. பெடல் பழசு என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டுவந்தார். தரையைப் பார்த்துவிட்டு, "இது என்ன ரத்தப் பொட்டு?" என்றார். மெஷினிலிருந்து கட்டிங் மேசைவரை வரிசையாகப் பொட்டுகள். வலது பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் பெருவிரலுக்குக் கீழே ஒரு குண்டூசி, தலைவரை உள்ளே இறங்கியிருக்கிறது. வெள்ளைத் தலை மட்டும் முத்து மாதிரி வெளியே தெரிந்தது. எப்போது குத்தியது என்று தெரியவில்லை. அவர் பிடுங்கும்போதும் பெரிதாக வலிக்கவில்லை.

ராத்திரி போர்வை பட்டாலே துடிக்கிற கால் இது. ஊசி ஏறியது தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்?

டிசம்பர் 3, செவ்வாய்

அரசாங்கக் கிளினிக். காலை 7.30-க்கு நம்பர், 10.45-க்கு டாக்டர், கட்டணம் ஒரு வெள்ளி. எனக்குப் பதினொரு வருடமாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். மாத்திரை வாங்க வருவேன், வாங்கியதும் ஓடிவிடுவேன். கால் பரிசோதனைக்குத் தேதி கொடுத்தால் அன்றைக்குத்தான் கடையில் ஆள் இல்லாமல் போகும். வருடத்துக்கு ஒரு முறையாவது கால் பார்க்க வேண்டுமாம். நான் கடைசியாகக் காட்டியது எப்போது என்று கார்டிலேயே இல்லை.

டாக்டர் சின்னப் பெண், நம்மவர். முதலில் விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார். சேற்றுப்புண் இருந்தாலும் எரியுமாம். இல்லை. கணுக்காலில் நாடி பிடித்துப் பார்த்தார், ரத்த ஓட்டம் சரி. அப்புறம் மிஸ்ஸியிடம், அதாவது நர்ஸிடம், விட்டார். மலாய்க்கார மிஸ்ஸி. மீன் பிடிக்கிற தங்சி மாதிரி ஒரு நைலான் நரம்பு வைத்திருந்தார். அது வளையும்வரை அழுத்தினால் சரியாகப் பத்து கிராம் எடை பாதத்தில் படுமாம். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

"காக், ராசா தாக்?" அக்கா, தெரிகிறதா என்று மலாயில் கேட்டார்.

தெரிகிறது என்றேன். இன்னொரு இடம். "ராசா தாக்?" தெரிகிறது. அப்புறம் ரொம்ப நேரம் மிஸ்ஸி ஒன்றும் கேட்கவில்லை. எப்போது ஆரம்பிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கண்ணைத் திறந்தால் அவர் இரண்டு பாதமும் முடித்து எழுதிக்கொண்டிருக்கிறார். தொடும்போது நானே சொல்வேனா என்று பார்த்திருக்கிறார். விரல் நுனிகள், குண்டூசி ஏறிய இடம், எதிலும் நான் வாய் திறக்கவில்லை.

அதிர்கிற இசைக்கவையை எலும்பில் வைத்தும் பார்த்தார்கள். பெருவிரலில் சும்மா இரும்பு வைத்த மாதிரி இருந்தது. முழங்காலில் வைத்தபோதுதான் 'ஙொய்' என்று தெரிந்தது.

டாக்டர் விளக்கினார். சர்க்கரை வருடக்கணக்கில் ஏறி நின்றால் நரம்பும் கெடும், நரம்புக்குச் சோறு ஊட்டுகிற மெல்லிய ரத்தக் குழாயும் கெடும். நீளமான நரம்புதான் முதலில் அடிவாங்கும், அதனால்தான் பாதத்தில் ஆரம்பித்து சாக்ஸ் போடுகிற அளவுக்கு ஏறுகிறது. கெட்டுப்போன நரம்பு இரண்டு தப்பும் செய்யும். சொல்ல வேண்டியதைச் சொல்லாது, இல்லாததைச் சொல்லும். "எரியறது உண்மைம்மா, நெருப்புதான் இல்லை" என்றார். இரவில் ஏன் அதிகம் என்று கேட்டேன். பகலில் மூளைக்கு ஆயிரம் வேலை, ராத்திரி கால் மட்டும்தான் பேசுகிறது என்றார். முழுக் காரணம் அதுவாக இருக்காது, ஆனாலும் மனதுக்குப் பிடித்திருந்தது.

ஐஸ் தண்ணீருக்குத்தான் திட்டு விழுந்தது. உணர்ச்சி குறைந்த காலில் குளிரும் தோலைக் கெடுக்கும், சுடுதண்ணீரும் கெடுக்கும், இரண்டும் நமக்குத் தெரியாது.

சர்க்கரையோடு நிறுத்தவில்லை அவர். தைராய்டு, சிறுநீரகம், பி12 எல்லாவற்றுக்கும் ரத்தம் பார்க்க வேண்டுமாம். குடிப்பழக்கம் உண்டா என்றும் கேட்டார். அதுவும் ஒரு காரணமாம். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கினார்.

கைப்பையிலிருந்து அந்த வைட்டமின் அட்டையை எடுத்துக் காட்டினேன். டாக்டர் பின்பக்கம் திருப்பி எழுத்தைப் படித்தார், முகம் மாறியது. ஒரு மாத்திரையில் பி6 மட்டும் 200 மில்லிகிராம். பி6 அளவுக்கு மீறி நாள்கணக்கில் போனால் அதுவே நரம்பைக் கெடுக்குமாம். நான் மூன்று போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 12, வியாழன்

ரிசல்ட். தைராய்டு சரி, சிறுநீரகம் சரி. மூன்று மாத சர்க்கரை, எச்பிஏ1சி, 8.4. இந்த நாட்டில் 6.3 தொட்டாலே இனிப்புநீர் என்று கணக்கு. பி12-க்குத் தனியார் லேப்பில் தனியாகக் கொடுத்திருந்தோம். 118. 148-க்குக் கீழே போனாலே குறைவாம்.

காரணம் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பதினொரு வருடமாக நான் தவறாமல் போட்ட ஒரே மருந்து மெட்ஃபார்மின். அது நீண்ட நாள் போனால் குடல் பி12-ஐ எடுத்துக்கொள்வது குறையுமாம். அம்மா இறந்ததிலிருந்து நான் சைவம் வேறு. பி12 மீன், இறைச்சி, முட்டை, பாலில்தான் இருக்கிறது, கீரையில் எவ்வளவு தேடினாலும் கிடையாது. நரம்பை ஒயர் என்று வைத்துக்கொண்டால், மேலே போர்த்தியிருக்கிற ரப்பரைக் காப்பாற்ற பி12 வேண்டும் என்றார் டாக்டர்.

"அப்போ மெட்ஃபார்மினை நிறுத்திடவா?"

"நிறுத்தினா சர்க்கரை இன்னும் ஏறும். நிறுத்தாதீங்க, பி12-ஐ ஊசியில ஏத்திக்கலாம்."

வாரம் ஒரு ஊசி, நான்கு வாரம். பிறகு மாதம் ஒன்று. சர்க்கரைக்கு இன்னொரு மாத்திரை. இரவுக்கு கபாபென்டின் 300. நரம்பின் கத்தலைக் கொஞ்சம் அடக்குமாம், நரம்பைச் சரிசெய்யாது. ஊசி போட்டாலும் போன உணர்ச்சி முழுக்கத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். அப்படிச் சொன்னதால்தான் அவர் மேல் நம்பிக்கை வந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

போர்வை. பாதத்தில் மல் துணி பட்டாலும் முள் மாதிரி இருக்கிறது. போர்த்தாமல் படுத்தால் ஃபேன் காற்று ஆகவில்லை. நேற்று சமையலறையில் துடுங் சாஜியைப் பார்த்தேன், ஈ மொய்க்காமல் குழம்பை மூடி வைக்கிற பிளாஸ்டிக் கூடை. எடுத்து வந்து இரண்டு காலையும் உள்ளே வைத்து, அதன் மேல் போர்வையைப் போட்டேன். துணி படவில்லை, காற்றும் படவில்லை. ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை தூங்கியிருக்கிறேன்!

அவர் காலையில் எழுந்து பார்த்து, "ராத்திரி மிச்சமா?" என்றார்.

டிசம்பர் 27, வெள்ளி

பள்ளி விடுமுறை, மகள் வீட்டில். அவள்தான் தேடி எடுத்துப் படித்துக் காட்டினாள். இந்தப் பாத எரிச்சலுக்கு மருத்துவத்தில் ஒரு தமிழர் பெயரே இருக்கிறது. கிரியர்சன் – கோபாலன் நோய். கிரியர்சன் 1826-லேயே எழுதியிருக்கிறார். 1946-ல் அதை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் சி. கோபாலன், 1918-ல் சேலத்தில் பிறந்தவர், பின்னால் இந்தியாவின் பெரிய ஊட்டச்சத்து விஞ்ஞானி ஆனவர். 2019-ல் காலமானபோது வயது நூறு. அவர் பார்த்ததெல்லாம் சர்க்கரைக்காரர்களை இல்லை, சாப்பாட்டில் சத்தில்லாத ஏழைகளை. பி வைட்டமின் குடும்பத்துக் குறை. இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்த சிப்பாய்களுக்கும் இதே எரிச்சல். ராத்திரி முழுக்கக் கால் ஆட்டிக்கொண்டே இருந்ததால் 'ஹேப்பி ஃபீட்' என்று கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதைக் கேட்டதும் எனக்குத் தாத்தா ஞாபகம். கெடா எஸ்டேட்டிலிருந்து, போர்க்காலத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களில் ஒருவர். திரும்பி வந்த சிலரில் ஒருவர். வந்த புதிதில் ராத்திரியானால் வாசலில் உட்கார்ந்து ஈர மண்ணில் காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பாராம். பாட்டி சொல்வாள், "அங்க பொணத்து மேல நடந்த காலு, அதான் சுடுது." நாங்கள் சின்னப் பிள்ளைகள், பயந்து போர்வைக்குள் புகுந்துகொள்வோம். வேகாத சோற்றையும் கருவாட்டுத் தண்ணியையும் தின்று மாதக்கணக்கில் தண்டவாளம் போட்டவருக்கு எந்த வைட்டமின் மிஞ்சியிருக்கும்? அது இதுதானா என்று இனி யார் சொல்ல முடியும். ஆனால் பாட்டியின் கதையை இன்று மகளிடம் சொன்னபோது பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

அவருக்குச் சாப்பாடு இல்லாமல். எனக்குச் சாப்பாடு அதிகமாகி.

2025 ஜனவரி 7, செவ்வாய்

நான்காவது ஊசி. கபாபென்டினால் காலையில் தலை கிறுகிறுக்கிறது, ராத்திரி எட்டு மணிக்கே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இனிப்புப் பால் டீயான தே தாரேக்குப் பதில், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங். கடைக்காரத் தம்பி இரண்டு நாள் நம்பவில்லை, சர்க்கரை போட்டே கொண்டுவந்தான். கடையில் இப்போது கான்வாஸ் ஷூ போட்டுத்தான் மெஷினில் உட்காருகிறேன். பெடல் இன்னும் பிடிபடவில்லை, அதனால் மோட்டார் வேகத்தையே குறைத்து வைத்துவிட்டார் மெக்கானிக். ராத்திரி ஷூவைக் கழற்றியதும் அவர் டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்கிறார். முதல் நாள் வெட்கமாக இருந்தது.

ஜனவரி 22, புதன்

தைப்பூசம் பிப்ரவரி 11. மகள் தேர்வில் தேறினால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். வெறுங்காலில், ஐந்நூற்றுப் பதின்மூன்று படி. இன்று கிளினிக்கில் மெல்லச் சொன்னேன்.

"தார் ரோடு சூட்டுல வெறுங்காலா? தேங்காய் ஓட்டு மேலயா? வேண்டாம்மா."

"முருகன் பார்த்துக்குவான் டாக்டர்."

"அவர் பார்த்துக்குவார். புண்ணை நான்தானே பார்க்கணும்."

வெளியே வந்து காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டுதலைத் தள்ளிப்போட எனக்கு யார் உரிமை கொடுத்தது என்ற கோபம். வீட்டுக்காரரும் பேசவில்லை. ஜாலான் டத்தோ கெராமாட் தாண்டியதும், "குண்டூசி ஏறினப்போ முருகன் எனக்குத்தான் சொன்னான், உனக்குச் சொல்லலை" என்றார். எரிச்சலாக இருந்தது. பதிலும் இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

தேர் நாள். காலையில் கடை வாசலில் நின்று பார்த்தேன், கான்வாஸ் ஷூவோடு. சாமி போன பிறகு சாலை முழுக்கத் தேங்காய் ஓடு, இளநீர் வழுக்கல், உடைந்த விளிம்பெல்லாம் பிளேடு மாதிரி. தேர் வருவதற்கு முன்னால் சீனர்கள் கூட்டம் கூட்டமாக நின்று நூற்றுக்கணக்கில் உடைத்தார்கள். அந்தத் தெருவைப் பார்த்தபோது டாக்டர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.

நாளைக்குப் பால்குடம் மகள் எடுக்கிறாள். மஞ்சள் ரவிக்கை நேற்று ராத்திரிதான் முடித்தேன். நான் அடிவாரத்தில், தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றப் போகிறேன். அங்கே ஷூவை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும் பார்க்கட்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

காந்தல் இருக்கிறது. முன்பு வாரத்தில் ஏழு இரவு, இப்போது மூன்று, சில வாரம் நான்கு. விரல் நுனி அப்படியேதான். மார்ச்சில் மறுபடி எச்பிஏ1சி. பூக்கடை அக்கா தனக்கும் கால் காந்துகிறது என்று இன்றைக்குத்தான் மெல்லச் சொன்னார். இனிப்புநீர் பார்த்ததே இல்லையாம். திங்கட்கிழமை கடையைத் தாமதமாகத் திறந்துகொள்ளலாம், என் கூட வாங்க என்றேன். விளக்கெண்ணெயும் தடவிக்கொண்டு வருவதாகச் சொல்கிறார், வரட்டும்.

குழம்பில் ஈ விழுந்ததால் வீட்டில் ஒரு சண்டை. அவர் சௌராஸ்தா பசாரில் புது துடுங் சாஜி வாங்கி வந்தார், பளீர் ரோஸ் நிறம். அது சமையலறைக்கு. பழையது என் கட்டிலிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.