இல்வா என்று அழைக்கப்பட்டவர்கள்

கிளிநொச்சியில் எங்கள் வளவுத் தென்னைகளுக்கு நீர் இறைக்கும்போதெல்லாம், தென்னைக்காகவே ஒரு மக்கட்கூட்டம் உருவாக்கப்பட்ட, இந்தியப் பெருங்கடலிலுள்ள சாகோஸ் தீவுகளை நினைக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களும், 1814இல் தீவுகள் பிரித்தானியர் கைக்கு மாறிய பின்னர் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரும் கொப்பறாத் தோட்டங்களில் ஒன்றாகக் கலந்து, தமக்கென ஒரு கிரியோல் (கலப்பு) மொழி பேசி, ‘இல்வா’, அதாவது தீவார், என்று அழைக்கப்பட்டார்கள்.

பேரரசு உண்டாக்கிய அந்த அடையாளத்தை அதே பேரரசுதான் மறுத்தது. 1965இல் மொரிசியசிலிருந்து தீவுகளைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றான டியேகோ கார்சியாவில் அமையவிருந்த அமெரிக்க இராணுவத் தளத்துக்காக 1973க்குள் அனைவரையும் வெளியேற்றி, தலைமுறைகளாக அங்கே பிறந்து இறந்தவர்களை நிரந்தரக் குடிகள் அல்லர், ஒப்பந்தத் தொழிலாளரே என்று உலகுக்குச் சொன்னது. அவர்களுடைய நாய்களையும் கொன்றார்கள்.

இடம்பெயர்ந்து, பதிவு அட்டையோடு முகாம் வரிசையில் நின்ற எங்களுக்கு அந்தச் சொற்களின் கனம் தெரியும். ‘சாகோசியர்’ என்ற பெயர் அம்மக்களிடையே பரவலானது மண்ணை இழந்த பின்னர்தான். 2021இல் படகேறிய ஈழத்தமிழர் பலர் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்ததும் அதே டியேகோ கார்சியாவில்தான்.