அரைக்கால் விதை

அறுவை முடிந்து தையல் போடும் நேரத்தில் தியேட்டரில் ஒரு குரல் வரும்: "மேடம், ரிவர்ஸ் குடுத்திடலாமா?" மயக்க மருத்துவராக இருபது வருடமாகக் கேட்டுவரும் கேள்வி. தசைகளைத் தளர்த்திவைத்த மருந்தின் பிடியை விடுவிக்க நியோஸ்டிக்மின் ஏற்றுவோம், கூடவே கிளைகோபைரோலேட்டும்.

முதலாண்டு பிஜியாக (முதுகலை மருத்துவ மாணவியாக) இருந்தபோது ஓர் இரவு அந்தக் 'கூடவே' எனக்கு மறந்துபோனது. நியோஸ்டிக்மின் மட்டும் உள்ளே போக, மானிட்டரில் நாடி 38க்கு இறங்கியது. சீனியர் ஒன்றும் பேசாமல், நாடியை உயர்த்தும் அட்ரோபினை ஏற்றினார். நோயாளி நன்றாகவே கண்விழித்தார். எனக்குத்தான் விடியும்வரை கைநடுக்கம் நிற்கவில்லை. காலையில் டீ குடிக்கும்போது சீனியர் சொன்னார்: "இந்த மருந்து எங்கேருந்து வந்துச்சுன்னு போய்ப் படிம்மா."

படிக்கப்போன இடத்தில் கிடைத்தவர் ராபர்ட் கிறிஸ்டிசன். 1797இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். பாரிஸில் ஓர்ஃபிலாவிடம் நஞ்சுகளைப் பற்றிக் கற்றுவந்து, 1822இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சட்ட மருத்துவப் பேராசிரியரானார். 1832இலிருந்து 1877 வரை மருந்தியல் பேராசிரியர். 45 வருடம் ஒரே நாற்காலி! உடற்கூறு வகுப்புக்குப் பிணம் விற்பதற்காக ஆட்களைக் கொன்ற பர்க், ஹேர் இருவரின் 1828 கொலை வழக்கில் கடைசியாகக் கொல்லப்பட்ட பெண்ணின் உடலைச் சோதித்தவரும் இவர்தான். கன்றிய காயங்கள் உயிரோடு இருந்தபோது பட்டவையா, செத்த பிறகு பட்டவையா என்ற கேள்வி எழுந்தபோது, பிணங்களை அடித்துப் பார்த்துத்தான் பதில் தேடினார்.

என் கதைக்கு வேண்டியது 1855. மேற்கு ஆப்பிரிக்காவின் கலபாரில் (இன்று அது நைஜீரியா) அப்போதெல்லாம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு நச்சு விதையைக் கொடுப்பார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி. ஸ்காட்லாந்து மிஷனரிகள் வழியாக அந்த விதை எடின்பரோவுக்கு வந்தது. கிறிஸ்டிசன் ஓர் இரவு அரைக்கால் விதையை, அதாவது எட்டில் ஒரு பங்கைத் தின்று பார்த்தார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சரி என்று மறுநாள் காலை கால் விதை தின்றார். கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுத்தது. எதிரே இருந்தது சவரத்துக்கு வைத்த தண்ணீர். அதையே குடித்து வாந்தியெடுத்தார். நாடி தளர்ந்து தாறுமாறாக ஓடியது, கைகால் சோர்ந்தது, புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. எல்லாவற்றையும் எழுதிவைத்தார்.

அந்த நாடியைப் படித்ததும் எனக்கு அந்த இரவின் மானிட்டர் ஞாபகம் வந்தது. விதையிலிருந்து பிறகு பிரித்தெடுத்த ஃபைசோஸ்டிக்மினுக்கும் எங்கள் நியோஸ்டிக்மினுக்கும் வேலை ஒன்றுதான்: நரம்புகள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினைச் சிதையவிடாமல் தேக்கிவைப்பது. தேங்கியது தசையை எழுப்பும், இதயத்தை மந்தமாக்கும். அந்த மந்தத்தைத் தடுக்கத்தான் கிளைகோ (கிளைகோபைரோலேட்) என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லியிருந்தது. ஒருவர் தன் உடம்பில் பட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

மனிதர் எனக்கு மிகவும் பிடித்துப்போனார். 78 வயதில் கோகா இலையை மென்றுகொண்டு மலையேறியவரைப் பிடிக்காமல் இருக்குமா? அப்புறம்தான் மீதியைப் படித்தேன். 1869இல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் மற்ற பெண்களும் மருத்துவம் படிக்க எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, கூடாது என்று எதிர்த்த பேராசிரியர்களில் முன்வரிசையில் நின்றவர் இவர். நஞ்சை வாயில் போட்டுப் பார்க்கத் துணிந்தவருக்கு, வகுப்பில் ஏழு பெண்கள் உட்காருவது பொறுக்கவில்லை. எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஃபைசோஸ்டிக்மினை மயஸ்தீனியா என்ற தசைத்தளர்ச்சி நோயாளிக்குக் கொடுத்து, தளர்ந்த தசைகள் வலுப்பெறுவதை 1934இல் காட்டியவர் மேரி வாக்கர். எடின்பரோவில் படித்த பெண் மருத்துவர்!

ஒவ்வொரு வருடமும் புது பிஜிகளுக்கு இதை முழுசாகச் சொல்வேன். போன வருடம் ஒரு பெண் முகம் சுளித்தாள். "அந்தாளு பேரெல்லாம் ஞாபகம் வச்சுக்கணுமா மேடம்?"

"வச்சுக்கோ. அந்த சிரிஞ்சுல கிளைகோ ஏத்தியாச்சா, அதைப் பாரு முதல்ல."