ஏழாம் நம்பர் ஸ்லைடு

கால்நடை மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு அனாட்டமி (உடற்கூறு) எடுத்த சார் காலமான செய்தி வாட்ஸப்பில் வந்தபோது இங்கே ஆக்லாந்தில் நடுச்சாமம். பத்து நிமிடத்துக்குள் வரிசையாகக் கும்பிடுகள். நானும் ஒன்று போட்டேன். "ஓமேசம் இன்னும் தூங்கலையா?" என்று கேட்டான் ஒருத்தன்.

கல்லூரி நண்பர்களுக்கான இந்த மலரைப் படிக்கிற பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயர் மறந்திருக்கும். 1994 ஸ்பாட்டர் தேர்வு: மணி அடிக்க அடிக்க ஒவ்வொரு மேசையாக நகர்ந்து, அங்கே வைத்திருப்பது என்னவென்று எழுத வேண்டும். அந்த மணிச் சத்தம் உங்களுக்கும் கனவில் வருகிறதா? மைக்ராஸ்கோப்பில் ஏழாம் நம்பர் ஸ்லைடில் நீள நீளமாக விரல் மாதிரி நீட்சிகள். மேலே கெரட்டின் படிந்த தட்டை எபிதீலியம் (மேற்பரப்புத் திசு), சுரப்பி எதுவும் இல்லை. 'ரூமென், வெள்ளாடு' என்று ஆட்டின் நான்கு இரைப்பைப் பைகளில் பெரியதன் பெயரை எழுதிவிட்டு நகர்ந்தேன்.

மறுநாள் வகுப்பில் சார் என்னை எழுப்பி நிறுத்தினார். "ஏனுங் தம்பி, உங்கூட்டுல ஆடு இருக்குதுங்களா?"

அவர் 'ங்க' போட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா!

"இருபது உருப்படி இருக்குதுங் சார்."

"அதுல எந்த ஆட்டுக்குங்க ரூமென் பாப்பிலாவுக்குள்ள தசை ஓடுது?"

அவை பாப்பிலா என்ற விரல் நீட்சிகள் அல்ல, மூன்றாம் பையான ஓமேசத்தின் ஏடு போன்ற இலைகள். நடுவே மூன்றடுக்குத் தசை: சுவரின் உள்தசையிலிருந்து ஏறி வருவது ஒன்று, அதன் இருபுறமும் மஸ்குலாரிஸ் மியூகோசா என்ற மெல்லிய தசைப் படலம். ரூமெனில் மஸ்குலாரிஸ் மியூகோசாவே கிடையாது. வெள்ளாட்டின் நான்கு பைகளில் சின்னது ஓமேசம்தான். வகுப்பில் குள்ளம் நான். அப்புறம் என்ன, பெயர் ஒட்டிக்கொண்டது.

இதுவரை உங்களுக்கும் தெரியும். அன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆட்டின் நான்கு பைகளும் ஊறிய ஃபார்மலின் வாளிக்குள் கையை விடச் சொன்னார். "கண்ணை மூடிக்கோ. சொல்லு." டர்க்கி டவல் மாதிரி சொரசொரப்பு, ரூமென். அறுகோணக் கட்டங்கள், ரெட்டிகுலம். ஏடு ஏடாகப் புரண்டது ஓமேசம். வழுவழுவென்ற மடிப்பு அபோமேசம். சுரப்பி இருப்பது அதில் மட்டும்தான். ஒன்றும் தப்பவில்லை. நோம்பிக்குக் கிடா வெட்டினால் அம்மா குடலுக்குச் சுண்ணாம்பு தடவி வெந்நீரில் போட்டுச் சுரண்டுவாள். அந்த ஏடுகளைப் பிரித்து நடுவே இருக்கிற தழைச் சக்கையைக் கழுவுவது என் வேலை.

சார் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவ சோப்பை நீட்டினார். வகுப்பில் பட்ட அவமானத்தை அவர் திருப்பி எடுத்துக்கொண்டதாக நான் நினைத்துக்கொண்டேன். அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

அந்த இருபது உருப்படியும் கன்னிவாடிச் சந்தையில் விலை போய்த்தான் நான் விமானம் ஏறினேன். இங்கே ஏற்றுமதிக் கறிக்கூடத்தில் பரிசோதகர் வேலை. நாள் முழுக்க குடல்கள் வரிசையாக எதிரே வரும். பார்த்தாலே போதும், அநேகமாகத் தொட வேண்டியதில்லை.

போன மாசம் அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் மிச்சமிருக்கும் மூன்று ஆட்டில் ஒன்றுக்கு இடது விலா உப்பியிருந்தது. போனை இப்படிப் பிடி, அப்படித் திருப்பு என்றேன்.

"பாத்தா ஆச்சுங்களா சாமி? தொட்டுப் பாக்கோணுமல்லோ" என்றாள். பக்கத்து ஊர் டாக்டர் பைக்கில் வந்து கொண்டிருந்தார்.