பெற்றவளையும் கொஞ்சம் பாருங்கள்

குழந்தையைப் பார்க்க வருகிற எல்லோரும் கேட்பது, "பால் போதுதா?" தையல் வலி குறைந்ததா, ராத்திரி தூங்கினாயா என்று என்னிடம் கேட்க ஆள் இல்லை. பெரம்பூரில் அம்மா வீட்டில் இருந்து கோபமாகவே எழுதுகிறேன்.

பிரசவமான மூன்றாம், நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்கிற வேலை. பெரும்பாலும் 2 வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, குழந்தை மேல் ஒட்டுதலே வரவில்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். "இதெல்லாம் கொழுப்பு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அப்புறம் இந்தத் தண்ணீர் விஷயம். "நிறைய குடிச்சா வயிறு போட்டுடும்" என்று, அதுவும் இந்தச் சென்னை வெயிலில், பால் கொடுக்கிறவளிடமிருந்து சொம்பை மறைக்கிறார்கள். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் சந்தோஷமாகச் சாப்பிடுகிறேன். ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும். கருப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே சுமார் 6 வாரம் ஆகும், வயிறு அதற்குள் எப்படி உள்ளே போகும்?

ஒரு மணி நேரத்திலேயே நாப்கின் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.