ஒரு கையெழுத்துதானே

"தம்பி, நமக்குள்ள என்னப்பா? ஒரு கையெழுத்துதானே."

கடன் படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டு, கூட வேலை பார்க்கிற அண்ணன் சொன்னது இவ்வளவுதான். கடன் எவ்வளவு, தவணை எவ்வளவு, எதுவும் சொல்லவில்லை. தொகை எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. பேனா மூடியைக் கழற்றினேன், அப்புறம் மூடிவிட்டேன். "இல்லண்ணே, நான் யாருக்கும் ஜாமீன் போடுறதில்ல" என்றேன். மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்தப் பதிலில் இருந்த பொய் இன்னும் உறுத்துகிறது. அதற்கு முந்தைய வருடம்தான் இன்னொருவருக்குப் போட்டிருந்தேன்.

சிக்கன நாணயச் சங்கக் கடன், அதாவது வேலை பார்க்கிறவர்களுக்கான கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் கடன், நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன்காரர் சம்பளத்தில் பிடிப்பார்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது: வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, கடனாளியின் பொறுப்பு முழுவதும் ஜாமீன்காரருக்கும் உண்டு. சம்பளப் பட்டியல் போடுகிறவன் நான். அடுத்தவர் கடனுக்காகப் பிடித்தம் போகிற பெயர்களை என் கையாலேயே ஏற்றியிருக்கிறேன்.

ஆனால் அந்தப் பயத்தில்தான் மறுத்தேன் என்றால் அது முழு உண்மை ஆகாது.

அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்த இரவு முதலில் வந்து நின்றவர் அவர்தான். கோரிப்பாளையத்தில் இட்லி வாங்கிக்கொண்டு, ஃப்ளாஸ்கில் காபியோடு வந்தார். விடியும்வரை வராந்தாவில் கூடவே இருந்தார். நான் அழுததை வேறு யாரும் பார்த்ததில்லை. அடுத்த வாரம் வேலைக்குப் போனால், டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் அப்பாவின் சர்க்கரை அளவு தெரிந்திருந்தது. தங்கையின் கல்யாணப் பேச்சு நின்றுபோனதும் தெரிந்திருந்தது. அதை அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அன்றே கேட்டிருக்க வேண்டும். நமக்காக ராத்திரி முழுக்க விழித்திருந்தவரிடம் எப்படிக் கேட்பது?

அதற்கப்புறம்தான் கவனித்தேன். அவர் மகள் எத்தனையாவது படிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. வில்லாபுரத்தில் வீடு என்பார், எந்தத் தெரு என்று தெரியாது. கேட்டால் சிரித்துக்கொண்டே என் வீட்டுக் கதைக்கு வந்துவிடுவார். நம் மதுரையில் பெயர் தெரியும் முன்பே அண்ணன், தம்பி, மாப்ள என்று முறை வந்துவிடுகிறது. எனக்கு அது பிடிக்கும். ஆனால் "சார்" என்று கேட்பவரிடம் முடியாது என்று சொல்லிவிடலாம். "தம்பி" என்று கேட்பவரிடம் அதையே சொன்னால் துரோகம் செய்தது போல ஆகிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பேனாவை மூடியபோது என் மனசில் நின்றது அவருடைய சம்பளப் பிடித்தம். எல்லாம் போக அவர் கைக்கு வருவது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லித் தெரிந்ததில்லை, பட்டியலில் பார்த்தது. என் வீட்டு விஷயத்தை வெளியே விட்டார் என்று குறைப்படுகிற நான், அவர் என்னிடம் சொல்லாததை வைத்து அவரை எடைபோட்டேன். யாரிடமும் வாய் திறக்கவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். சில நாள் அது போதும், சில நாள் போதாது.

முந்தைய வருடம் நான் கையெழுத்துப் போட்டவர் என்னோடு ஒரு டீகூடக் குடித்ததில்லை. "கடன் இவ்வளவு, தவணை இத்தனை. முடியாதுன்னா தாராளமா சொல்லுங்க சார்" என்று கேட்டார். உடனே போட்டுவிட்டேன். அண்ணனிடமும், "தொகையை எழுதிட்டு வாங்கண்ணே, பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். எழுதிக்கொண்டு வந்திருந்தால் போட்டிருப்பேனா? எத்தனை தடவை யோசித்தாலும் பதில் மாறிக்கொண்டே இருக்கிறது.

அவருக்கு வேறொருவர் ஜாமீன் போட்டார். கடன் மாதாமாதம் ஒழுங்காகப் போகிறது. அந்தப் பிடித்தத்தையும் நான்தான் ஏற்றுகிறேன். நான் மறுத்த மறுநாளிலிருந்து அவருக்கு நான் "சார்" ஆகிவிட்டேன்.

போன சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, தல்லாகுளம் பக்கம் ஒரு மோர்ப்பந்தலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை, தம்ளர்களை அலசிக்கொண்டிருந்தது. "மோர் குடிங்க சார்" என்று நீட்டினார். வாங்கிக் குடித்தேன். பாப்பா பேர் என்ன என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.