மலை வேண்டாம், பனிக்கட்டி போதும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைகளின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது ஆபிரகாம் ஏரி. ஏரி என்று பேர்தான். வட சஸ்காட்சவான் ஆற்றில் 1972-ல் கட்டி முடித்த பிக்ஹார்ன் அணையின் நீர்த்தேக்கம் அது. நார்டெக் என்கிற சிற்றூரைத் தாண்டி, 11-ஆம் எண் நெடுஞ்சாலையில் போனால் சாலையோரமாகவே கூட வரும்.

நாங்கள் ஜனவரியில் படம் எடுக்கப் போனோம். காற்று ஆளைத் தள்ளுகிறது. ஆனால் அந்தக் காற்றுதான் ஏரிமேல் விழும் பனித்தூளைத் துடைத்து, கண்ணாடி மாதிரித் தெளிந்த பனிக்கட்டியை வெளியே காட்டுகிறது. ஷூவுக்கு அடியில் இரும்பு முள் மாட்டாமல் இறங்கவே கூடாது.

கீழே குனிந்து பார்த்தால், ஆப்பங்களை அடுக்கி வைத்தது போல வெள்ளைக் குமிழிகள். அடியில் மூழ்கிக் கிடக்கும் செடிகொடிகள் மக்கும்போது மீத்தேன் வாயு மேலே கிளம்புகிறது. பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் முட்டி, தட்டையாகப் பரவி, அப்படியே சிறைப்படுகிறது. பனிக்கட்டி கீழ்நோக்கித்தான் தடிக்கும் என்பதால், அடுத்து வரும் குமிழி முந்தியதற்குக் கீழே மாட்டிக்கொள்ளும். ஆக, மேலே இருப்பதுதான் மூத்தது.

இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் அகல லென்ஸ் போட்டு, முன்னால் குமிழி, பின்னால் மலை என்று எடுத்துப் போகிறார்கள். நல்ல படம்தான், ஆனால் எல்லாரிடமும் இருக்கிறது. எனக்கு மலையே வேண்டாம் என்று தோன்றியது. படச் சட்டத்துக்குள் பனிக்கட்டி மட்டும் இருந்தால் அளவு பிடிபடாது. ஒரு சாண் விரிசல் பள்ளத்தாக்காகத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், ஒரே இடத்தில் இரண்டு படங்கள் இருக்கின்றன. மேலே வானத்தின் பிரதிபலிப்பு, உள்ளே குமிழி. எது வேண்டும் என்பதை, லென்ஸ் முன்னால் மாட்டித் திருப்புகிற போலரைசர் ஃபில்டர் முடிவு செய்யும். தரையோடு ஏறக்குறைய 37 டிகிரி கோணத்தில் பார்த்தபடி ஃபில்டரைத் திருப்பினால் பிரதிபலிப்பு அநேகமாக மறைந்து, ஆழம் திறந்துகொள்ளும். நேர் செங்குத்தாகக் கீழே பார்த்தால் ஃபில்டர் உதவாது. கறுப்புக் குடை பிடித்து வானத்தை மறைக்க வேண்டியதுதான். அந்தக் காற்றில் குடையா என்று கேட்காதீர்கள், நண்பர் ஒருவர் குந்தி உட்கார்ந்து கோட்டை விரித்துப் பிடித்தார்.

பிரதிபலிப்புதான் வேண்டும் என்றால் ஃபோகஸைக் கவனிக்க வேண்டும். பனிக்கட்டியில் தெரியும் சிகரம் பனிக்கட்டியின் மேல் இல்லை. கேமராவுக்கு அது நிஜ மலை இருக்கும் தூரத்தில்தான். விரிசலில் ஃபோகஸ் வைத்தால் சிகரம் கரைந்து வெறும் நிறமாகிவிடும். எனக்கு அந்தக் கரைசல்தான் பிடித்தது. விரிசல் கூர்மையாக, அதன் பின்னால் ஊதாவும் செம்மஞ்சளும் வழிந்தபடி.

அப்புறம் கரையோரம். மின்சாரத்துக்காகக் குளிர்காலம் முழுக்கத் தண்ணீரை இறக்குவதால், கீழே தாங்கலில்லாமல் பனிக்கட்டி பலகை பலகையாக உடைந்து சாய்ந்து கிடக்கிறது. பலகை 10 டிகிரி சாய்ந்தால் அது காட்டும் வானம் 20 டிகிரி தள்ளிப் போகும். அதனால் மாலையில் பக்கத்துப் பக்கத்துப் பலகைகளில் வெவ்வேறு நிறம்: ஒன்றில் ரோஜா, ஒன்றில் கருநீலம். அடியில் வெற்றிடம் இருக்கும் என்பதால் அவற்றின்மேல் ஏறக் கூடாது. கரையில் நின்றே 200 மி.மீ. லென்ஸில் எடுத்தேன். இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த படங்கள் அங்கே எடுத்தவைதான். குமிழி ஒன்றுகூட அவற்றில் இல்லை.